உன் பெயர் என்ன?

(பொதுக்காலம் நான்காம் வாரம், திங்கள்கிழமை ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம். நற்செய்தி: மாற்கு 5:1-20)



இன்றைய நற்செய்தியில் கல்லறைகளுக்கு நடுவே குடியிருந்த ஒரு மனிதரைச் சந்திக்கிறோம். ஊரார் அவரைப் பலமுறை விலங்குகளாலும் சங்கிலிகளாலும் கட்டிப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் அவர் உடைத்தெறிந்தார். இரவென்றும் பகலென்றும் இல்லாமல் கூச்சலிட்டுக்கொண்டு, கற்களால் தம் உடலையே காயப்படுத்திக்கொண்டு அலைந்தார். இயேசு படகைவிட்டு இறங்கியதும் ஓடிவந்து காலில் விழுந்து, தன்னை வதைக்க வேண்டாம் என்று கெஞ்சுகிறார்.

பல ஆண்டுகளாக இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் என் கவனம் பன்றிகள்மேல்தான் இருந்தது. மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளும் அதைத்தான் கேட்பார்கள். ‘ஃபாதர், அந்த ரெண்டாயிரம் பன்றியும் யாரோடது? நஷ்டத்தை யார் கொடுத்தா?’ நல்ல கேள்விதான். இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. ஆனால் இப்போது என்னை நிறுத்தி வைப்பது வேறொரு கேள்வி. அந்த மனிதர் குணமாகும் முன்பே இயேசு அவரிடம் பெயரைக் கேட்கிறார். பதில் சொன்னது அவரா, அவரைப் பிடித்திருந்ததா என்பதை விவிலிய அறிஞர்கள் பேசட்டும். எதிரில் நிற்பவர் சுயநினைவில் இல்லை என்று தெரிந்தும், அவரிடமே கேட்கிறார் ஆண்டவர்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மனநோய் வேறு, பேய் பிடித்தல் வேறு. மனநோயாளியை மந்திரிக்கக் கூட்டிப்போவதற்கு இந்த நற்செய்தியைச் சாக்காக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். நான் இன்று பேச விரும்புவது, கட்டப்பட்டிருக்கும் ஒருவரிடம் நாம் எதையாவது கேட்கிறோமா என்பதைப் பற்றி.

சில ஆண்டுகளாக வாரம் ஒரு நாள் சிறைப்பணிக்குச் செல்கிறேன். எந்தச் சிறை, எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. அங்கே முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி இருந்தார். காதில் குரல்கள் கேட்கும் நோய். மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை தினமும் உண்டு. ஒரு வார்டர், தங்கமான மனிதர், என்னை ஓரமாக அழைத்துச் சொன்னார்: ‘ஃபாதர், நீங்க சொன்னா கேப்பான். மாத்திரைய நாக்குக்கு அடியில வெச்சிக்கிட்டு, நாங்க அந்தப் பக்கம் போனதும் துப்பிடறான். ராத்திரி அவனும் தூங்கறதில்ல, பக்கத்துல இருக்கிறவனையும் தூங்க விடறதில்ல.’ நானும் போய் அந்தத் தம்பியின் தோளில் கைவைத்து, ‘டாக்டர் கொடுக்கிறது உன் நல்லதுக்குத்தானே, சாமி சொல்றேன், ஒழுங்கா சாப்பிடு’ என்றேன். தலையை ஆட்டினார். அடுத்த வாரமும் அதே பேச்சு, அதே தலையாட்டல். இப்படியே இரண்டு மாதம் போனது. ஏன் துப்புகிறாய் என்று ஒருமுறைகூட நான் கேட்கவில்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

மருந்து வேண்டாம் என்று சொல்ல ஒரு சிறைவாசிக்கு உரிமை உண்டா? அதுவும் புத்தி தடுமாறிய ஒரு சிறைவாசிக்கு? இந்தக் கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1990ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் தீர்த்துவைக்கப் பார்த்தது. வாஷிங்டன் மாநிலத்துக்கும் வால்டர் ஹார்ப்பர் என்பவருக்கும் நடந்த வழக்கு அது. (தலைநகரம் அல்ல; மேற்குக் கரையில் உள்ள மாநிலம்.)

ஹார்ப்பர் கொள்ளைக் குற்றத்துக்காக 1976இல் சிறைக்குப் போனவர். அங்கே மனநோய்க்கான மருந்துகளை அவர் தாமாகவே ஏற்றுக்கொண்டார். 1980இல், சிகிச்சையைத் தொடர வேண்டும் என்ற நிபந்தனையோடு வெளியே விட்டார்கள். அடுத்த ஆண்டே ஒரு மருத்துவமனையில் இரண்டு செவிலியர்களைத் தாக்கினார், மீண்டும் சிறை. இம்முறை மனநோயுள்ள குற்றவாளிகளுக்கென்றே இருந்த ஒரு மையத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கும் முதலில் மருந்தை ஏற்றுக்கொண்டார். 1982 நவம்பரில் ஒரு நாள், இனி வேண்டாம் என்றார்.

அந்த மையத்தில் இதற்கென்று எழுதப்பட்ட விதி ஒன்று இருந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழக்கே அதைப் பற்றித்தான். மருந்தை மறுப்பவர் நோயால் தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்க வேண்டும், அல்லது தமக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிப்பவராக இருக்க வேண்டும். அப்போதுதான் கட்டாயப்படுத்தலாம். அதையும் அவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவரே முடிவு செய்துவிட முடியாது. அப்போது அவருடைய சிகிச்சையில் சம்பந்தப்படாத ஒரு மனநல மருத்துவர், ஓர் உளவியலாளர், மையத்தின் துணைக் கண்காணிப்பாளர் என்று மூவர் கூடி விசாரிக்க வேண்டும். விசாரணைக்கு 24 மணி நேரம் முன்னதாகச் சிறைவாசிக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த நேரத்தில் மருந்து கொடுக்கக் கூடாது, அவர் மயக்கமில்லாமல் பேச வேண்டும் அல்லவா? என்ன நோய் என்று நினைக்கிறார்கள், மருந்து ஏன் தேவை என்று கருதுகிறார்கள் என்பதை அவரிடமே சொல்ல வேண்டும். விசாரணையில் அவர் உட்காரலாம், சாட்சிகளை அழைக்கலாம், ஊழியர்களைக் குறுக்குக் கேள்வி கேட்கலாம். வழக்கறிஞர் கிடையாது, மனநலம் பற்றித் தெரிந்த, அவர் விவகாரத்தில் சம்பந்தப்படாத ஒருவர் துணைக்கு வரலாம். மூவரில் பெரும்பான்மை மருந்துக்கு ஆதரவாக இருக்க வேண்டும், அந்தப் பெரும்பான்மையில் மனநல மருத்துவர் கட்டாயம் இருக்க வேண்டும். முடிவு பிடிக்காவிட்டால் கண்காணிப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்; அவர் 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஹார்ப்பருக்கு இந்த விசாரணைகள் நடந்தன. மருந்து கட்டாயமாகக் கொடுக்கப்பட்டது. ஏறக்குறைய ஓராண்டுக்குப் பின் அவரை வேறு சிறைக்கு மாற்றினார்கள். அங்கே மருந்து எடுக்கவில்லை, நிலைமை மோசமானது. மறுபடி பழைய மையம், மறுபடி கட்டாய மருந்து. 1985இல் வழக்குப் போட்டார். ஒரு நீதிபதி முன்னால் முறையாக விசாரிக்காமல் இப்படிச் செய்யக் கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் மாற்றியது. ஆபத்தானவர் என்றும், மருந்து அவருடைய மருத்துவ நன்மைக்கு உகந்தது என்றும் தெரிந்தால் கட்டாயப்படுத்தலாம். மூவர் குழுவே போதும் என்றது.

ஹார்ப்பர் ஏன் மறுத்தார்? அவருடைய பேச்சு நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. ஹால்டால் என்ற மருந்து தன் உடலின் வலப்பக்கத்தையே முடக்கிவிட்டது என்றும், தன் வாழ்வையும் விடுதலையையும் எரித்துக்கொண்டிருக்கிறது என்றும் அவர் விசாரணைக் குழுவிடம் சொன்னார். வெறும் பிதற்றல் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்தக் காலத்து மருந்துகளின் பக்கவிளைவுகள் கொடியவை. கழுத்தும் நாக்கும் திடீரென்று முறுக்கிக்கொள்ளும். உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் உள்ளுக்குள் ஒரு பரபரப்பு கிடந்து வாட்டும். நீண்ட காலம் எடுத்தவர்களில் சிலருக்கு வாயும் நாக்கும் தாமாகவே அசைந்துகொண்டே இருக்கும். மருந்தை நிறுத்தினாலும் அது போகாமல் இருப்பதுண்டு.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த இரண்டு செவிலியர்களும் யாரோ ஒரு வீட்டுப் பெண்கள்தானே! அவரோடு ஒரே சுவருக்குள் வேலை பார்க்கும் வார்டருக்கும் பிள்ளைகள் உண்டு. மருந்தில்லாமல் ஹார்ப்பர் மோசமானார் என்பதும் உண்மை. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி அந்தோணி கென்னடி இதையெல்லாம் பார்த்தார். சிறைவாசி என்றாலும், தனக்கு வேண்டாத மருந்து தன் உடலுக்குள் செலுத்தப்படாமல் காத்துக்கொள்ளும் முக்கியமான உரிமை அவருக்கு உண்டு என்று அவரே அந்தத் தீர்ப்பில் ஏற்றுக்கொண்டும் இருக்கிறார். மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ் கேட்டது வேறு: ஒரே நிறுவனத்தில் தினமும் சேர்ந்து வேலை பார்ப்பவர்கள், இன்று உன் நோயாளி நாளை என் நோயாளி என்று ஒருவர் முடிவை மற்றவர் விசாரித்தால் அது எப்படி நடுநிலையாகும்? சிறையின் அமைதிக்காக ஊசி போட்டுவிட்டு, அதை நோயாளியின் நன்மை என்று எழுதிவைத்தால் யார் கேட்பது?

கென்னடி கத்தோலிக்கர். ஸ்டீவன்ஸோடு சேர்ந்து மறுத்த நீதிபதி பிரெனனும் கத்தோலிக்கர். ஒரே திருமுழுக்குப் பெற்றவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். ஆகவே இதில் நம் மறை சொல்லும் விடை ஒன்றே என்று நான் சொல்லத் துணிய மாட்டேன். என் சொந்தக் கருத்தைக் கேட்டால், ஸ்டீவன்ஸ் பக்கம்தான் எனக்கு நியாயமாகத் தெரிகிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள். தோற்றுப்போன ஹார்ப்பரிடம்கூட ஒரு மேசை போட்டு, ஏன் வேண்டாம் என்று கேட்டார்கள். நான் இரண்டு மாதத்தில் அந்தத் தம்பிக்குச் செய்யாத காரியம் அது.

இதே நீதிமன்றம் 2003இல் சார்லஸ் செல் என்ற பல் மருத்துவரின் வழக்கில், குற்ற விசாரணைக்குத் தகுதியாக்குவதற்காக மட்டும் ஒருவருக்குக் கட்டாய மருந்து கொடுப்பதானால் மிகக் கடுமையான நிபந்தனைகள் வேண்டும் என்றது. அதை விரிவாகச் சொல்ல நேரமில்லை. அதே ஆண்டில் நடந்த வேறொன்றைத்தான் சொல்லியாக வேண்டும். முதலில் அதை வாசித்தபோது தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆர்க்கன்சா மாநிலத்தில் சார்லஸ் சிங்கிள்டன் என்று ஒருவர். 1979இல் மளிகைக் கடை நடத்திவந்த ஒரு பெண்ணைக் கொலை செய்தார். மரண தண்டனை பெற்றார். அந்தப் பெண்ணின் குடும்பத்தாரின் துயரத்தை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லச் சிறையில் அவர் மனம் சிதைந்தது. தன் அறைக்குள் பேய்கள் இருப்பதாகவும், சிறை மருத்துவர் தன் காதுக்குள் ஏதோ கருவியைப் பொருத்திவிட்டதாகவும் நம்பினார். 1997இல், ஹார்ப்பர் வழக்கு காட்டிய வழியில் ஒரு குழு கூடி, அவருக்குக் கட்டாய மருந்து கொடுக்க முடிவு செய்தது. மருந்து வேலை செய்தது. மனம் தெளிந்தது.

இப்போது சிக்கலைப் பாருங்கள். தனக்கு என்ன தண்டனை, எதற்காக என்று புரிந்துகொள்ள முடியாத அளவுக்குப் பைத்தியம் பிடித்தவரைக் கொல்லக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1986இலேயே சொல்லிவிட்டது. சிங்கிள்டன் மருந்து எடுக்காவிட்டால் பேய்களோடு வாழ வேண்டும். மருந்து எடுத்தால் புத்தி தெளியும், தெளிந்தால் கொல்லலாம். மரண தண்டனைக்குத் தேதி குறிக்கும்வரை இந்த மருந்து என் நன்மைக்காக இருந்தது. தேதி குறித்த பிறகு அது எப்படி என் நன்மை ஆகும் என்று அவர் தரப்பில் கேட்டார்கள். 2003 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பதினொரு நீதிபதிகள் அமர்ந்தார்கள். ஆறு பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மறுபக்கம். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில், மருந்து கொடுக்கலாம், தண்டனையையும் நிறைவேற்றலாம் என்று முடிவானது. உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுத்துக்கொள்ளவில்லை. 2004 ஜனவரி 6ஆம் நாள் விஷ ஊசி போட்டு அவரைக் கொன்றார்கள்.

இரண்டும் ஊசிதான், நேயர்களே. லூசியானா மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1992இலேயே, மைக்கேல் பெர்ரி என்பவரின் வழக்கில், கொல்வதற்காக ஒருவருக்குக் கட்டாயமாக மருந்து கொடுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. மருத்துவத்தை அப்படிப் பயன்படுத்துவது மருத்துவமே அல்ல என்று ஒரு நீதிமன்றத்துக்குப் புரிந்தது. இன்னொன்றுக்கு ஒரு வாக்கு குறைந்துபோனது. திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூலைத் திருத்தி, மரண தண்டனையை எந்தச் சூழலிலும் ஏற்க முடியாது என்று எழுதவைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அவர் சிறைகளுக்குப் போய்ப் போய்த்தான் அந்த முடிவுக்கு வந்தார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

நம் நாட்டில் எப்படி என்று கேட்பீர்கள். மரண தண்டனை பெற்ற பின் கடும் மனநோய்க்கு ஆளானால், அதையே காரணமாகக் கொண்டு தண்டனையைக் குறைக்கலாம் என்று நம் உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2019இல் மராட்டிய மாநிலத்து வழக்கு ஒன்றில் அவ்வாறே குறைத்தது. அந்தச் சிறைவாசியின் குற்றம் மிகக் கொடியது. ஆனாலும் அவர் நோயாளி என்பதால், தீர்ப்பில் அவர் பெயரைக்கூட வெளியிடாமல் மறைத்துக் காத்தார்கள்.

மருந்து விஷயத்துக்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது; 2018இல் நடைமுறைக்கு வந்தது. மனநோயாளி என்பதாலேயே ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது என்கிறது இச்சட்டம். தனக்கு எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று தெளிவாக இருக்கும்போதே ஒருவர் எழுதிவைக்கலாம். தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். அவசர நிலையில், உயிருக்கு ஆபத்து அல்லது பிறருக்குப் பெருந்தீங்கு என்றால், மருத்துவர் சிகிச்சை தரலாம். அதற்கும் 72 மணி நேரம் என்று வரம்பு. சங்கிலியால் கட்டுவது எந்த வடிவத்திலும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் மாண்ட 28 பேரை மறக்க முடியுமா? சிறுவனாக இருந்தபோது, நம் கோயில் வளாகம் ஒன்றிலும் ஒருவரைத் தூணோடு கட்டிவைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்போது அது எனக்கு வியப்பாகவே தோன்றவில்லை.

சிறைவாசிகளைப் பற்றி அந்தச் சட்டத்தின் 103ஆம் பிரிவு பேசுகிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பகுதியில் மனநல சிகிச்சைக்கான ஏற்பாடு இருக்க வேண்டும். மனநோயுள்ளவர் யாரும் சிறையில் விடப்பட்டிருக்கவில்லை என்று சிறை மருத்துவ அலுவலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் சான்று அனுப்ப வேண்டும். வாரியம் நேரில் வந்து பார்த்துக் கேள்வி கேட்கலாம். இலவச சட்ட உதவி உண்டு என்பதை மனநோயாளியிடம் எடுத்துச்சொல்வது காவல்துறையினர், நீதித்துறை நடுவர் போன்றோரின் கடமை. ஆனால் ஒரு சிறைவாசி மாத்திரையைத் துப்பினால் அடுத்து என்ன செய்வது என்று அந்தப் பிரிவு தனியாகச் சொல்லவில்லை. வெளியே இருப்பவர்களுக்கான அதே பொது விதிகள்தான் அவருக்கும். வெளியே இருப்பவருக்காகப் பேச அம்மா இருப்பார், அண்ணன் இருப்பார். ஐந்து வருடமாக யாரும் மனு போட்டுப் பார்க்க வராத ஒருவர் தன் பிரதிநிதியாக யாரை எழுதிக்கொடுப்பார்? உறவினர் இல்லாவிட்டால் வாரியமே ஒருவரை நியமிக்கலாம் என்று சட்டத்தில் இடமிருக்கிறது. அதை யாராவது போய் வாரியத்திடம் கேட்க வேண்டுமே!

அந்தத் தம்பியிடம் வருகிறேன். ஹார்ப்பர் வழக்கைப் பற்றி ஒரு வழக்கறிஞர் நண்பர் எனக்கு விளக்கிச் சொன்ன வாரம் அது. சிறைக்குப் போனதும், இம்முறை தோளில் கைவைக்காமல், பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். முதலில் பெயரைக் கேட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, அதுவரை எல்லாரும் கூப்பிட்ட பட்டப்பெயரில்தான் நானும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். சொன்னார். புனிதர் ஒருவரின் பெயர். பிறகு, ‘மாத்திரை ஏன் பிடிக்கல?’ என்றேன்.

வெகுநேரம் பேசவில்லை. பிறகு வலது கையை நீட்டிக் காட்டினார். நடுங்கியது. ‘சோத்து வரிசையில நிக்கும்போது தட்டு ஆடுது சாமி. சாம்பார் கீழ ஊத்திடுது. எல்லாரும் சிரிக்கிறாங்க. துப்பிட்டா ரெண்டு நாள்ல கை நிக்குது. கொரலு கேக்குது, ஆனா கை நிக்குது.’

அன்றே மருத்துவரைப் பார்த்துச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது, என்மேல் அல்ல. வாரத்துக்கு ஒருமுறை வருகிறார், வரிசையில் அத்தனை பேர், ஒருவருக்கு இரண்டு நிமிடம். ‘இத மொதல்லயே யாராவது சொல்லியிருந்தா மொத வாரமே மாத்தியிருப்பேனே ஃபாதர்’ என்றார். அளவைக் குறைத்து, நடுக்கத்துக்கு இன்னொரு சின்ன மாத்திரை சேர்த்தார். முழுவதும் சரியாகிவிடவில்லை. சில நாள் இப்போதும் வேண்டாம் என்று சொல்கிறாராம். சொன்னால், ஏன் என்று அந்த வார்டர் கேட்கிறார். அதை ஒரு தாளில் எழுதி மருத்துவருக்கு வைக்கிறார்.

போன வாரம் சோற்று வரிசையில் அவரைப் பார்த்தேன். தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.